கால்விரலில் ஒரு தூண்டில்

விரல் இடுக்கில் பெருங்காய வாசம் ஏறிவிட்டால் எத்தனை சோப்பு போட்டாலும் லேசில் போகாது. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை விடிந்துவிட்டது என்பதற்கு அந்த வாசம்தான் அடையாளம். நனைத்துப் பிழிந்த ரொட்டியோடு ஒரு சிட்டிகை பெருங்காயத் தூளைச் சேர்த்துப் பிசைந்து, சுண்டைக்காய் அளவுக்கு உருட்டி டப்பாவில் அடைப்பது என் வேலை, "சாம்பாருக்கு இல்லாத பெருங்காயம் மீனுக்கு இருக்கா?" என்று அடுப்படியிலிருந்து சத்தம் போடுவது அம்மாவின் வேலை.

அப்பாவுக்குக் கப்பல் பட்டறையில் இரவு 'ஷிப்ட்'. காலையில் மார்சிலிங் அடுக்குமாடி வீட்டுக்கு வந்து படுத்தால் மேல்மாடியில் யாராவது சுவரைத் துளைப்பார்கள், கைக்குழந்தையாக இருந்த தம்பி வீரிடுவான். வீட்டில் வராத தூக்கம் தண்ணீர்க்கரையில் வருகிறது என்று கண்டுபிடித்துக்கொண்ட மனிதர், ஞாயிறுதோறும் கிராஞ்சி நீர்த்தேக்கத்துக்குக் கிளம்பிவிடுவார். "தூங்கித் தண்ணியில விழுந்துடாம அப்பாவைப் பாத்துக்கோ" என்று அம்மா என்னையும் கூடவே அனுப்புவாள்.

தூண்டில் கழியெல்லாம் கிடையாது. 'தங்கூசி' என்று அப்பா சொல்லும் நைலான் நரம்பு, ஒரு சின்ன முள், ஒரு ஈயக் குண்டு, அவ்வளவுதான். உருண்டையை மாட்டி வீசிவிட்டு, நரம்பின் மறுமுனையைக் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு மரத்தடியில் சாய்வார். உடனே குறட்டை.

திலாப்பியா மீன் கொத்தினால் விரல் இழுபடும், அப்பா எழுந்துவிடுவார். எனக்கு வேண்டியிருந்தது அந்த அப்பாதான். கையை நனைத்துக்கொண்டு பிடித்தால் மீனுக்கு வலிக்காது என்று காட்டுவார், "இது திலாப்பியா, பயப்படாதே. பல்லுக்காரத் தோமான் மீன் கடிச்சா விரலு இருக்காது லா" என்று சிரிப்பார், பள்ளியில் என்ன நடந்தது என்று கேட்பார். நான் சொல்லி முடிப்பதற்குள் மீனைத் தண்ணீரில் விட்டு, அடுத்த உருண்டையை வீசி, மறுபடியும் தூங்கிப்போவார். சேற்று வாடை என்று அம்மா அந்த மீனை வீட்டுக்குள் சேர்க்கமாட்டாள், எனக்கும் மீன் ஒரு பொருட்டில்லை. அது கடித்தால்தான் அப்பா கண் விழிப்பார் என்பதற்காகவே வாரத்துக்கு வாரம் பெருங்காயத்தைக் கூட்டிக்கொண்டே போனேன்.

இப்போது நான் மருத்துவமனையில் தாதி, எனக்கும் இரவு வேலை. வீடு தோ பாயோவில். ஓய்வுபெற்றுவிட்ட அப்பா வாரம் தவறாமல் மீன்பிடிக்கக் கூப்பிடுவார். "டயர்டா இருக்குப்பா" என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. போன ஞாயிறு, வேலை முடிந்த கையோடு, கண் எரிய எரிய ரயிலேறிக் கிராஞ்சிக்குப் போனேன்.

மீன்பிடிக்க ஒதுக்கிய இடம், தடுப்புக் கம்பி, அறிவிப்புப் பலகை என்று எல்லாம் ஒழுங்காக இருந்தது. ரொட்டி, புழு எதுவும் போடக்கூடாதாம், செயற்கை இரை மட்டும்தானாம். அப்பா ஒரு ரப்பர் மீனை மாட்டி வீசுவதும் சுருட்டுவதுமாக நின்றார். அது நீந்துவதுபோல் ஓடிக்கொண்டே இருந்தால்தான் மீன் நம்பும். "இதை வச்சுக்கிட்டுத் தூங்க முடியாது லா" என்றவர், "ராத்திரி வேலை எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டார். பதில் சொல்ல ஆரம்பித்தது மட்டும்தான் எனக்கு நினைவிருக்கிறது.

விழித்தபோது வெயில் ஏறியிருந்தது. அப்பாவின் தொப்பி என் முகத்தின் மேல் இருந்தது. தூண்டில் கழி கம்பியில் சாய்ந்திருக்க, அவர் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"என்னப்பா, மீன் இல்லையா?"

"நல்லா துள்ளிக்கிட்டுத்தான் இருந்துச்சு. சுருட்டுற சத்தத்துல நீ முழிச்சிடுவேன்னு எடுத்து வச்சுட்டேன்."

பெருங்காய உருண்டை போய்விட்டது, கால்விரலில் சுற்றிய தங்கூசியும் போய்விட்டது. அப்பா இப்போது நாள் முழுக்க விழித்திருக்கிறார், நான் சொல்வதையெல்லாம் கேட்க அவருக்கு நேரமும் இருக்கிறது. எனக்குத்தான் கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியவில்லை.