நைனாவுக்கு ஆகாத காற்று

எங்கள் வீட்டு ஏ.சி. கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில் பழுதானது. திருத்தணியில் அந்த மாதத்தில் வேறு எது பழுதானாலும் சமாளிக்கலாம். பகலெல்லாம் காய்ந்த மலைப்பாறை பொழுது சாய்ந்த பிறகும் ஊரை விடாமல் காய்ச்சும்.

அந்த ஏ.சி. நைனாவுடையது. நைனா என்றால் என் அப்பா. விசைத்தறி ஓட்டியவர். மூச்சு வாங்க ஆரம்பித்ததும் தறிகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, வந்த பணத்தில் முதல் வேலையாகத் தன் அறைக்கு ஏ.சி. வாங்கி மாட்டினார். தறிக்கூடத்தில் வெயில் காலத்தில் ஜன்னலைத் திறக்கமாட்டார்கள். அனல் காற்று பட்டால் இழை அறுந்துவிடும். ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, அந்தப் புழுக்கத்துக்குள் நின்று நெய்தே வயதானவர். இனிமேலாவது வேர்க்காமல் தூங்கவேண்டும் என்றார். கொஞ்ச காலம் தூங்கவும் செய்தார். அதற்குள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தது. அதன்பிறகு கீழ்த்தளத்து அறையும் கட்டிலும் ஜன்னலும்தான் அவருக்கு உலகம்.

மாடியில் அண்ணன் குடும்பம். கடைத்தெருவில் ரெடிமேட் துணிக்கடை வைத்திருக்கிறான். தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவனே தவிர, ஒரு நாளும் தறி முன்னால் நின்றவன் அல்ல. நான் அரக்கோணத்தில் வாழ்க்கைப்பட்டவள். லீவு கிடைக்கும்போது ரயிலேறி வந்து நைனாவைப் பார்த்துவிட்டுப் போவேன்.

மெக்கானிக் கனகம்மாசத்திரத்துக்காரர். வந்து பார்த்து, கேஸ் முழுக்கக் கசிந்துவிட்டது, உள்ளே இருக்கும் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்ப் பற்றவைக்கவேண்டும் என்றார். கழற்றிக்கொண்டும் போனார். சுவரில் நான்கு ஓட்டையும் ஒரு அழுக்குக் கட்டமும் மிச்சம். நைனா படுத்தபடி அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். எப்போது வரும் என்று கேட்டால், ஸ்பேர் வரவேண்டும் என்பான் அண்ணன். கத்திரி முடிந்தது. ஆனி போனது. ஸ்பேர் வரவில்லை.

ஆடி பிறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். வாசலில் கால் வைக்கும்போதே பக்கத்துச் சந்திலிருந்து ஏ.சி.யின் வெளிப்பெட்டி, அவுட்டோர், ஓடும் சத்தம் கேட்டது. அப்பாடா என்று செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நைனா அறைக்குள் ஓடினேன். முகத்தில் அனல் அடித்தது. சுவரில் அதே நான்கு ஓட்டை.

விஷயம் இதுதான். மெஷின் பத்து நாள் முன்பே சரியாகி வந்துவிட்டது. அண்ணன் அதை மாடியில், நைனா அறைக்கு நேர் மேலே உள்ள அறையில் மாட்டிவிட்டான். அவன் மகளைப் பள்ளிப்பட்டில் கொடுத்து முதல் ஆடிக் கிருத்திகை. சம்பந்தி வீட்டார் காவடி எடுக்க வந்து நாலு நாள் தங்கப்போகிறார்கள். உள்பெட்டி மேலே போய்விட்டது. வெளியே இருக்கும் பெட்டி மட்டும் பழைய இடத்திலேயே, நைனா ஜன்னலை ஒட்டி நின்றது. மாடியின் சூட்டையெல்லாம் வாங்கிச் சந்துக்குள் ஊதியது. சந்தோ இரண்டு ஆள் சேர்ந்து நடக்கமுடியாதது. ஊதிய அனல் எதிர்வீட்டுச் சுவரில் மோதித் திரும்பி நேராக நைனா கட்டிலுக்கு வந்தது. ஜன்னலைச் சாத்தினால் புழுக்கத்தில் மூச்சு முட்டியது.

மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். அவுட்டோரை மொட்டைமாடிக்கு ஏற்றிவிடலாம் என்று அவரும் சொல்லிப் பார்த்தாராம். காப்பர் பைப் கூடுதலாக வேண்டும் என்றதும், இருக்கிற பைப்புக்கு எட்டுகிற மாதிரி மாட்டினால் போதும் என்று அண்ணன் சொல்லிவிட்டானாம். சொல்லிவிட்டான், இவரும் மாட்டிவிட்டார். உள்ளே ஒரு மனிதர் படுத்திருப்பது இரண்டு பேருக்கும் தெரியும். போனை வைத்தேன்.

அண்ணனிடம் போய் நின்றேன். அவன் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். கண்ணாடியைப் பார்த்துத் தலை சீவியபடியே சொன்னான்.

"நைனாவுக்கு ஏ.சி. காத்து ஆகாதும்மா. சளி கட்டிக்கினு கீது. தறி ஓட்டுன ஆளுக்கு வேர்வ புதுசா?"

கீழே இன்னொரு ஏ.சி. நான் வாங்கி மாட்டுகிறேன் என்றேன். ரெண்டு மெஷினை வீட்டு லைன் தாங்காது, வயர் பழசு என்றான். அண்ணி அடுப்பங்கரையிலிருந்து, கிருத்திகை முடிந்ததும் கீழே இறக்கிவிடப்போகிறோம், அதற்குள் என்ன அவசரம் என்று கேட்டாள். மாடியில் சம்பந்திக்காகப் புதுத் தலையணை உறை தைத்து வைத்திருந்தாள். நைனா படுத்திருந்த தலையணையைப் பிழிந்தால் தண்ணீர் வரும்.

தறிக்கூடத்தில் செய்வதுபோல ஒரு சாக்கை நனைத்து ஜன்னலில் தொங்கவிட்டேன். அவுட்டோர் ஊதிய ஊதலில் நான் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் காய்ந்து விறைத்துப்போனது.

நைனா கண்ணைத் திறந்தார். "இன்னா சத்தம்மா அது? தறி கணக்கா ஓடிகினே கீது."

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "உன் ஏ.சி.தான் நைனா. மாடிக்கு ஓடுது."

மேல்தளத்தைப் பார்த்தார். "அப்ப எனக்கு எப்ப மாட்டுவான்?"

கிருத்திகை முடிந்ததும் என்றேன். அதன்பிறகு அவர் வேறெதுவும் கேட்கவில்லை. நான் போகும்போதெல்லாம் கிருத்திகை என்றைக்கு என்பதை மட்டும் கேட்பார். சாமி கும்பிடக் கேட்கிறார் என்று அண்ணி பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கிருத்திகை வந்தது. ஊர் கொள்ளாத காவடி. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மொட்டைத் தலைகள். சம்பந்தி வீட்டார் மலை ஏறி இறங்கி, மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தார்கள். மழை வருவதுபோல மூடிக்கொண்டு வராமல் போன நாள் அது. இலை அசையவில்லை. அவுட்டோர் மட்டும் நிற்காமல் ஓடியது. மறுநாள் மத்தியானம், எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, நைனா போய்விட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் முதுகு கட்டிலோடு ஒட்டியிருந்தது. பிரித்தெடுத்துத்தான் தூக்கினோம்.

சம்பந்தி அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, நல்லவேளை நாங்கள் மலை இறங்கின பிறகு நடந்தது, இல்லாவிட்டால் காவடி தீட்டாகியிருக்கும் என்றாள். ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்துச் சொன்னாள். கையை உதறிக்கொண்டேன்.

அண்ணன் உடனே ஃப்ரீசர் பெட்டிக்குச் சொல்லிவிட்டான். ஸ்பேருக்கு இரண்டு மாதம் காத்திருந்த வீட்டில், பெட்டி அரை மணியில் வந்து இறங்கியது. இருப்பதிலேயே நல்ல பெட்டியாம். நைனாவை உள்ளே வைத்து, மூடி, ஹாலில் பிளக்கைச் சொருகினார்கள். டமால் என்று டிரிப்பர் விழுந்தது. வீடே இருண்டது. சுவிட்சைத் தூக்கிவிட்டார்கள். மறுபடி விழுந்தது. பெட்டிக்காரர் சுற்றிலும் பார்த்து, மாடியில் ஏ.சி. ஓடுகிறதா, ரெண்டையும் லைன் தாங்காது, ஒன்றை நிறுத்துங்கள் என்றார்.

லைன் விஷயத்தில் அண்ணன் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான்.

ஹாலில் தெருவே உட்கார்ந்திருந்தது. எல்லாரும் அவன் முகத்தையே பார்த்தார்கள். அவனே மாடிக்குப் போய் நிறுத்திவிட்டு வந்தான். சம்பந்திகள் விசிறிக்கொண்டே ஒவ்வொருவராகக் கீழே இறங்கினார்கள். சந்தில் அவுட்டோர் நின்றது. நைனாவின் அறை ஜன்னலில் அப்போதுதான் சாதாரணக் காற்று வந்தது. உள்ளே கட்டில் காலி.

அண்ணன் தோள் துண்டை எடுத்துப் பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தைத் துடைத்தான். குனிந்து நைனா முகத்தைப் பார்த்துவிட்டு, ஊரே கேட்கிற மாதிரி அழுகைக் குரலில் பெட்டிக்காரரிடம் சொன்னான். "இன்னும் கொஞ்சம் கூட்டி வையிங்க. எங்க நைனாவுக்குக் கூலிங்கு பத்துமா?"

நான் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கக்கூட இல்லை.

"வேணாண்ணா," என்றேன். "நைனாவுக்கு ஏ.சி. காத்து ஆகாது."

ஒப்பாரி வைத்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அண்ணன் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, மாலை வந்துவிட்டதா என்று பார்க்க வாசலுக்குப் போனான்.