பேர் தேய்ந்த பம்பு

நான் வேலை பார்த்த பெட்ரோல் பங்கில் ஒரு கை பம்பு இருந்தது. தாம்பரம் தாண்டி, ஜி.எஸ்.டி. ரோட்டு மேலேயே. ஆளைவிட உயரமான இரும்புத் தூண். தலையில் கண்ணாடி ஜாடி. கைப்பிடியைச் சுற்றினால் டீசல் ஜாடிக்குள் ஏறும். கோடு வரைக்கும் ஏறியதை டிரைவர் கண்ணால் பார்த்துக்கொள்வார். அப்புறம் திருகைத் திறந்தால் குழாய் வழியாக லாரிக்கு இறங்கும். பக்கத்தில் பெட்ரோலுக்குக் கரண்ட் பம்பு நின்றது. டீசலுக்கு இது ஒன்றுதான்.

முதலாளி செத்த பிறகு அவர் சம்சாரம் பங்கைப் பார்த்துக்கொண்டார். டீச்சராக இருந்தவர். வேலையை விட்டுவிட்டு வந்து கல்லாவில் உட்கார்ந்தார். நான் அம்மா என்பேன். லாரிக்காரர்கள் அக்கா என்பார்கள். மூத்த பெண் பள்ளிக்கூடம் முடிக்கப் போகிறது, காலேஜில் சேர்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பார். டீசல் ஓடினால்தான் அது நடக்கும். எனக்கும் தெரியும்.

பம்பின் வயிற்றில் ஒரு பித்தளைத் தகடு. வெள்ளிக்கிழமை தோறும் அதைத் தேய்ப்பது என் வேலை. யாரும் சொல்லவில்லை, நானாக எடுத்துக்கொண்டது. புளி, செங்கல் பொடி, கொஞ்சம் சாம்பல். வீட்டில் குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரிதான். தேய்த்துக் கழுவிச் சந்தனம், குங்குமம் வைப்பேன். அம்மா வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர். பொட்டைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விடுவார்.

"இன்னா தலைவா, உன் பம்புல மூஞ்சி பாத்து சவரம் பண்லாம் போலகீதே" என்பார்கள் டிரைவர்கள். எனக்குப் பெருமையாக இருக்கும்.

வருஷத்துக்கு ஒரு தரம் எடை அளவு இன்ஸ்பெக்டர் வருவார். படியில் பிடித்து அளந்து பார்ப்பார். சரியாக இருந்தால் ஈயத்தில் முத்திரை குத்துவார். முத்திரை இல்லாமல் விற்கக் கூடாது. பழைய இன்ஸ்பெக்டர் வேறு ஒன்றும் கேட்டதில்லை. அந்த வருஷம் புது ஆள் வந்தார்.

"என்ன மேக் இது? என்ன மாடல்?" என்று கேட்டார்.

அம்மா தகட்டைக் காட்டினார். அவர் குனிந்து பார்த்தார். விரலால் தடவினார்.

"ஒண்ணுமே இல்லையேம்மா. வழவழன்னு இருக்கு. இதுல இருந்த எழுத்து எங்க போச்சு?"

"நான்தான் சார் தேய்ச்சேன்" என்றேன்.

"எதுக்குய்யா?"

"வெள்ளிக்கிழமை சார்."

கூட வந்த பியூன் சிரித்துவிட்டார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

"முதல் எழுத்தாவது ஞாபகம் இருக்கா?"

இல்லை. நான் மூன்றாவது வரை படித்தவன். அது இங்கிலீஷ். அத்தனை வருஷம் கையால் தேய்த்திருக்கிறேன். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருத்தரிடமும் கேட்டதில்லை. அம்மா வந்தபோதே எழுத்து பாதி போயிருந்தது. முதலாளி அந்தப் பம்பை மிலிட்டரி ஏலத்தில் எடுத்தாராம். வேறு காகிதம் கிடையாது.

"அடுத்த வாரம் வரேன். கண்டுபிடிச்சு வையுங்க" என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் போனார்.

பல்லாவரத்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். பழைய பம்பு பார்க்கிறவர். அடிப்பாகத்தின் வார்ப்பைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். ஜாடியைப் பிடிக்கிற வளையத்தைப் பார்த்தார். பெயிண்டைச் சுரண்டினார். பச்சைக்குக் கீழே சிவப்பு, சிவப்புக்குக் கீழே மிலிட்டரி கலர். எழுத்து இல்லை.

"இதே மாதிரி ஒண்ணு கூடுவாஞ்சேரி தாண்டி நிக்குது. நீயும் வாப்பா, பாத்துட்டு வந்துடலாம்" என்றார். பஸ் ஏறிப் போனோம்.

அந்தப் பம்பு எண்ணெயும் புழுதியும் அப்பி நின்றது. தகடு எது, இரும்பு எது என்றே தெரியவில்லை. மெக்கானிக் துணியை டீசலில் நனைத்து ஒரு துடை துடைத்தார். எழுத்து எல்லாம் இருந்தது. கம்பெனி பேர், மாடல், நம்பர். நேற்று அடித்த மாதிரி.

அங்கே வேலை பார்த்தவன் பீடி பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நின்றான்.

"நீ இத தொடைக்கவே மாட்டியா?" என்று கேட்டேன்.

"இன்னாத்துக்கு? டீசல் இன்னா தகட்லயா வருது?" என்றான்.



மெக்கானிக் கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். கைப்பிடியை ஆட்டினார். அது இப்படியும் அப்படியும் ஆடியது. எங்களுடையது சுற்றுகிற கைப்பிடி. கதவுக் கீலும் வேறு பக்கம்.

"கம்பெனி ஒண்ணுதான். மாடல் வேற" என்றார்.

திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னார். "மாடலும் அதேதான்னு எழுதிக் குடுத்துடலாம்கா. அவரு இன்னா, அங்க போய்ப் பாக்கப் போறாரா?"

நான் தரையைப் பார்த்தேன். எழுதிவிட மாட்டாரா என்று மனசுக்குள் இருந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

"கீழ நான்தானேப்பா கையெழுத்து போடணும். வேற மாடல்னு தெரிஞ்சும் எப்படிப் போடுவேன்?" என்றார்.

இன்ஸ்பெக்டர் வந்தார். அம்மா தெரிந்ததை மட்டும் சொன்னார். கம்பெனி இது, மாடல் தெரியாது. அவர் தலையை ஆட்டினார். கைப்பிடியில் கம்பியைக் கட்டி ஈயம் வைத்தார். இந்த முத்திரை விற்பதற்கு இல்லை, சுற்றக் கூடாது என்பதற்கு.

மறுநாள் ஒரு கல் லாரி வந்து நின்றது.

"இன்னாக்கா, நம்ம பம்பு படுத்துகிச்சா?"

"வயசாயிடுச்சுப்பா" என்றார் அம்மா.

"பாத்தா அப்டி தெரியலயே. பளபளன்னு கீது."

அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. நான்தான் தேய்த்தேன் என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்ன வாய் எனக்கு டிரைவரிடம் வரவில்லை. அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். மற்ற லாரிகளும் கொஞ்ச நாளில் நிற்பதை விட்டுவிட்டன.

அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. வேலையை விட்டும் நிறுத்தவில்லை. பெட்ரோல் பம்புக்கு மாற்றினார்.

பெண்ணைக் காலேஜில் சேர்க்கவில்லை. டைப்ரைட்டிங் கிளாஸில் சேர்த்தார். சாயந்திரம் பங்க் வழியாகத்தான் போகும். "வரேண்ணா" என்று சொல்லிவிட்டுத்தான் போகும். நான் குழாயைச் சுற்றி வைக்கிற மாதிரி குனிந்துகொள்வேன்.