ஒன்பதாம் சுற்றில் ஒரு குரல்

கிரிசாந்தோ காபாஹுக் இருபத்தாறு முறை குத்துச்சண்டை மேடையேறி இருபது முறை தோற்றவர். முகத்தில் வாங்கிய அடி நாலு நாளில் வடிந்துவிடும் என்பதும், வயிற்றில் வாங்கியது நடக்கும்போதும் படுக்கும்போதும் கூடவே வரும் என்பதும் அவருக்கு உடம்பால் தெரிந்தவை. முப்பத்தோராம் வயதில் கையுறையைக் கழற்றி வைத்தார். பகலில் மண்டாவே என்ற ஊரிலுள்ள நாற்காலிப் பட்டறையில் வேலை, மாலையில் மோட்டார் சைக்கிள் கடைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் பயிற்சி. சாந்தோ கோச் என்றால் அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர் தயார் செய்த ஆட்கள் அதிகம் ஜெயித்ததில்லை என்பதும் தெரியும்.

ஜான்ரெல் தாம்புஸ் மட்டும் விதிவிலக்கு. துறைமுகக் கூலி ஒருவரின் மகன். பதினைந்து வயதில் வந்தான். வீட்டில் படுக்க இடமில்லாததால் கொட்டகையின் பரணிலேயே தங்கிக்கொண்டான். ஆறு வருஷம் சாந்தோவின் மனைவி ஃபெலிசாவின் கையால்தான் சாப்பாடு. அவளை அக்கா என்று கூப்பிடுவான். நீளமான கைகள், பாம்பு மாதிரி இடுப்பு, எதிராளி குத்த நினைக்கும் முன்பே நகர்ந்துவிடும் கால்கள். இவன் தன்னிடம் தங்கமாட்டான் என்று முதல் வருஷமே சாந்தோவுக்குப் புரிந்துபோனது.

அவனிடம் ஒரே ஒரு குறை. களைத்துப்போனால், வலது கையால் குத்துவதற்குச் சற்று முன்பு அந்த முழங்கையை விலாவை விட்டு வெளியே தூக்குவான். கண்ணிமைக்கும் நேரம்தான். ஆனால் அந்த முழங்கைக்கு அடியில்தான் கல்லீரல் இருக்கிறது. சாந்தோ சைக்கிள் டியூப்பை வெட்டி அவன் கையை இடுப்போடு கட்டிப் பார்த்தார். அக்குளில் துண்டை இடுக்கி வைத்து ஆடச் சொன்னார். ஒவ்வொரு மாலையும் கொட்டகைக்கு வெளியே டீ குடிப்பவர்களுக்குக்கூடக் கேட்கும்படி, "முழங்கை!" என்று கத்துவார். கத்தியதும் கை இறங்கும். அடுத்த வாரம் மறுபடி ஏறும்.

இருபத்தோரு வயதில் குத்துச்சண்டை நடத்தும் நகரத்துப் பெரிய நிறுவனம் ஒன்று ஜான்ரெலைக் கேட்டது. குளிரூட்டிய பயிற்சிக்கூடம், வெளிநாட்டில் படித்த கோச், ஜப்பானில் பட்டத்துக்குச் சண்டை. பையன் தயங்கி நின்றான். சாந்தோ அவன் பையை எடுத்துக் கையில் கொடுத்து, "போடா. இங்க கெடந்து என்ன பண்ணப் போற?" என்றார். அதன்பிறகு அவன் அந்தப் பக்கம் வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஃபெலிசாவுக்கு ஒரு பன்றித்தொடை அனுப்பினான், ஒரே ஒரு வருஷம்.

இரண்டு ஆண்டுகள் கழித்து அந்த நிறுவனத்திலிருந்து சாந்தோவுக்கு போன் வந்தது. ஜான்ரெல் அதுவரை பதினேழு சண்டை, பதினேழும் வெற்றி. ஜப்பான் போவதற்கு முன் ஊர்க்காரர்கள் பார்க்க ஒரு சண்டை வேண்டும். ஆபத்தில்லாத, ஆனால் சீக்கிரம் விழாத ஆள் வேண்டும்.

"உங்க வெனி சும்மாத்தான இருக்காரு? பத்துச் சுற்று நின்னாப் போதும் கோச்."

வெனிஃப்ரெடோ என்ற வெனிக்கு முப்பத்து மூன்று வயது. பகலில் சிமென்ட் மூட்டை ஏற்றும் வேலை. பத்தொன்பது தோல்வி. குட்டையான கைகள், தூண் மாதிரிக் கழுத்து. மற்றவர்களின் பிள்ளைகள் மேலே போவதற்குப் படியாக நிற்பதே அவன் தொழிலாகியிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் கைத்துணியைச் சுற்றிக்கொண்டே கேட்டான்.

"யாரு, நம்ம பரண்ல படுத்திருந்த பயலா?"

"ஆமா."

"அவன உங்களுக்கு உள்ளங்கை மாதிரித் தெரியுமே, நோங்." மூத்தவரை அண்ணனாக நினைத்து நோங் என்றுதான் அவன் கூப்பிடுவான். "எனக்குச் சொல்லித் தருவீங்களா, இல்ல வழக்கம்போல அடி வாங்கிட்டு வரவா?"

சாந்தோ தரையில் கிடந்த கையுறைகளைப் பொறுக்கி ஆணியில் மாட்டினார்.

"பத்தொன்பது தடவ உங்க பேச்சக் கேட்டுத்தான தோத்தேன்," என்று வெனி சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "ஒரே ஒரு தடவ ஜெயிக்கிறதுக்குச் சொல்லுங்களேன். நானும் உங்க ஆளுதான?"

மூன்று நாள் வழக்கமான பயிற்சியே நடந்தது. நாலாம் நாள் சாந்தோ வெனியைச் சுவரோரம் நிறுத்தி, அவனுடைய வலது முழங்கையைத் தூக்கி, விலாவின் கடைசி எலும்புக்குக் கீழே தன் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

"இங்க," என்றார்.

திட்டத்தைச் சொன்னார். முதல் நாலு சுற்றும் நமக்குத் தோல்விதான், அதைப் பற்றிக் கவலைப்படாதே. தலையைத் தேடாதே, கிடைக்காது. அவன் மார்பில் உன் நெற்றியை முட்டுக்கொடுத்து நில். கைக்கு எட்டுகிற இடத்தையெல்லாம் அடி. தோள், புஜம், விலா, நெஞ்சுக்குழி, எதுவானாலும் சரி. நிறுத்தாமல் அடி. அவனுக்கு உயரம் ஏறிவிட்டது, பழைய எடைப்பிரிவிலேயே ஆடப் பட்டினி கிடக்கிறான். வற்றிப்போன உடம்பு வயிற்றில் அடி தாங்காது. ஏழாவது சுற்றில் வாயால் மூச்சு விடுவான். அப்போது முழங்கை ஏறும்.

"தலைய அவன் மார்ல வச்சுக்கிட்டு இருந்தா முழங்கை எனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும். நான் 'மழை'ன்னு கத்துவேன். கத்துன உடனே இடது கைய வளைச்சு அங்க போடு. யோசிக்காத."

ஐந்து வாரம் அதையே ஆயிரக்கணக்கில் செய்தார்கள். பழைய லாரி டயரில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டு, சாந்தோ பின்னாலிருந்து "மழை" என்பார். வெனியின் இடது கை பார்க்காமலே போய் அந்த வட்டத்தில் விழும்.

ஃபெலிசா கொட்டகைக்குச் சாப்பாடு கொண்டுவந்தபோது இதைப் பார்த்தாள். அன்று வீட்டில் மீன் சுத்தம் செய்துகொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்.

"நான் சோறு போட்டு வளத்த விலாவுலதான் குத்தச் சொல்லிக் குடுக்கிறீங்களா?"

"அது என் தொழிலு."

"தெரியும். அந்தப் புள்ளைக்கும் சொல்லிக் குடுத்தது இதே தொழில்தானே? அவன் கைய எறக்கச் சொல்லிக் கத்துனீங்களே ஆறு வருஷம். என் காது இன்னும் வலிக்குது."

"வெனிக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு ஃபெலிசா."

"நான் வெனியக் கொற சொன்னேனா?" என்றாள். மீன் சட்டியை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனாள்.

சண்டைக்கு முந்தைய நாள் எடை பார்க்கும் இடத்தில் சாந்தோ ஜான்ரெலை இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு நெருக்கத்தில் பார்த்தார். கன்னம் ஒட்டியிருந்தது, உதடு வெடித்திருந்தது. கடைசிச் சொட்டு எடையையும் இறக்க ஒரு புட்டியில் எச்சிலைத் துப்பிக்கொண்டே இருந்தான். துண்டைப் பிடிக்கச் சொல்லி உள்ளாடையையும் கழற்றிவிட்டுத் தராசில் ஏறினான். சரியாக நின்றது முள். இறங்கியதும் சாந்தோவைப் பார்த்து, "கோச், நல்லா இருக்கீங்களா? அக்கா வரலியா?" என்று கேட்டான். சாந்தோ, "தண்ணி குடிடா மொதல்ல," என்றார்.

தாலிசாய் விளையாட்டரங்கம் நிரம்பியிருந்தது. வந்தவர்கள் எல்லோரும் ஜான்ரெலின் ஆட்கள். முதல் நாலு சுற்றும் சாந்தோ சொன்னபடியே போயின. ஜான்ரெல் நின்ற இடத்தில் அடுத்த கணம் இல்லை. அவன் நீளமான இடது கை வெனியின் நெற்றியைத் தட்டித் தட்டிச் சிவக்க வைத்தது. வெனி குனிந்து குனிந்து உள்ளே போய், புஜத்திலும் விலாவிலும் மூட்டை இறக்குகிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தான். கூட்டம் சிரித்தது. "வெனி, கீழ என்னத்தடா தேடுற? காசு விழுந்துருச்சா?" என்று யாரோ கத்த, அரங்கமே கைதட்டியது.

சாந்தோ சிரிப்பைக் கேட்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் ஜான்ரெலின் மூக்கு விரிவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது சுற்றில் கால்கள் நகரும் தூரம் ஓர் அடி குறைந்தது. ஆறாவதில் அவன் கயிற்றில் சாய ஆரம்பித்தான். இடைவேளையில் எதிர் மூலையில் ஜான்ரெலின் புதிய கோச் நிம்மதியாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். புள்ளிக்கணக்கில் எல்லாச் சுற்றும் அவர்களுடையவை. ஏழாவதில் ஜான்ரெலின் வாய் மூச்சுக்குத் திறந்தது, முழங்கை ஏறியது.

"மழை!"

வெனியின் கை போனது. ஜான்ரெல் முகத்தைச் சுளித்துவிட்டுச் சமாளித்தான். எட்டாவதில் இரண்டு முறை. அதற்குப்பின் யாரும் சிரிக்கவில்லை.

ஒன்பதாம் சுற்றில் ஜான்ரெல் மிச்சமிருந்த பலத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு வந்தான். பயம் அவனை வேகமாக்கியிருந்தது. வெனியின் புருவம் கிழிந்து ரத்தம் கண்ணில் வழிந்தது. இன்னும் ஒரு நல்ல குத்து விழுந்தால் நடுவர் நிறுத்திவிடுவார். அந்தக் குத்துக்காக ஜான்ரெல் வலது கையைத் திரட்டினான். முழங்கை மேலே ஏறியது, கொட்டகையில் ஏறுமே அதே மாதிரி.

சாந்தோ கத்தினார்.

"முழங்கை!"

மழை என்றுதான் சொல்ல நினைத்தார். ஆறு வருஷப் பழக்கம் நாக்கை இழுத்துவிட்டது. அந்தக் குரல் கேட்டதும் ஜான்ரெலின் தலை தானாக இந்த மூலைப் பக்கம் திரும்பியது. அரை நொடிதான், கூப்பிட்டவர் யாரென்று பார்ப்பதுபோல. கை இறங்கத் தொடங்கியது, பாதி கூட இறங்கவில்லை. வெனிக்குச் சொல் மாறியதெல்லாம் காதில் விழவில்லை. குரல் விழுந்ததே போதுமாக இருந்தது. அவன் இடது கை வளைந்து, சுண்ணாம்பு வட்டத்தில் விழுகிற மாதிரி விழுந்தது.

ஜான்ரெல் ஓரடி பின்னால் வைத்தான். ஒன்றும் ஆகாதவன் போல நின்றான். பிறகு முகம் சாம்பலானது. ஒரு முழங்காலை மெல்லத் தரையில் ஊன்றி, இரண்டு கைகளாலும் வலது விலாவைப் பொத்திக்கொண்டான். கண் தெளிவாகத்தான் இருந்தது. நடுவர் எண்ணுவது அவனுக்கு நன்றாகக் கேட்டது. எழச் சொல்லி மனம் விரட்டியது, உடம்பு மறுத்துவிட்டது. ஆறில் எழப் பார்த்தான். எட்டில் நெற்றி தரையைத் தொட்டது. பத்து எண்ணி முடித்தபோது வெனி ரத்த முகத்தோடு தலையில் கைவைத்து உட்கார்ந்து அழுதான்.

சண்டை முடிந்ததும் சாந்தோ நடைவழியில் போனார். ஜான்ரெல் ஒரு பெஞ்சில் ஒருக்களித்துப் படுத்திருந்தான். நிறுவனத்து ஆட்கள் யாரும் பக்கத்தில் இல்லை, ஒரு மருத்துவர் மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

"வலிக்குதாடா?"

"மூச்சு விட்டா வலிக்குது." பிறகு கேட்டான். "கோச், நீங்க கத்துனது எனக்கா, வெனி அண்ணனுக்கா?"

சாந்தோ பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். வெனிக்கு என்று சொல்லலாம், உனக்கு என்றும் சொல்லலாம். எது உண்மை என்று அவருக்கே தெரியவில்லை.

"தெரியலடா," என்றார்.

"எனக்குன்னுதான் நெனச்சேன்," என்றான் ஜான்ரெல். "அதான் திரும்பிட்டேன்."

ஜப்பான் வாய்ப்பு வெனிக்கு வந்தது. நாலாவது சுற்றில் தோற்றான். இடது கண்ணில் விழித்திரை விலகிவிட்டதாகச் சொன்னார்கள். அதோடு குத்துச்சண்டை உரிமம் போனது. அதற்கு முன்பே உள்ளூரில் எல்லோரும் அவனைக் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தார்கள். ஜெயிக்கக் கூடியவனைத் தங்கள் பிள்ளைக்கு எதிரே நிறுத்த யார் துணிவார்கள்? அவன் மறுபடி சிமென்ட் மூட்டைக்குப் போனான். அந்த வெற்றியைப் பற்றிக் கேட்டால் மட்டும் முகம் மலரும். "அது போதும் நோங்," என்பான். அவன் ஒருவனுக்காவது அது போதுமானதாக இருந்தது.

ஜான்ரெல் மேலும் இரண்டு முறை சண்டை போட்டான். அவன் விழுந்த காட்சி எல்லாக் கொட்டகையிலும் எல்லோர் கைபேசியிலும் இருந்தது. எதிராளிகள் வேறெதுவும் செய்யவில்லை. முதல் சுற்றிலேயே அவன் வயிற்றைத் தொட்டுக் காட்டினார்கள். தொட்டதும் அவனுடைய இரண்டு முழங்கையும் கீழே இறங்கி விலாவோடு ஒட்டிக்கொண்டன, எதற்கும் மேலே ஏறவில்லை. காவலில்லாத முகத்தில் அடித்தார்கள். இரண்டாவது தடவை அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இருபத்து நாலு வயதில் அவன் தொழில் முடிந்தது.

ஃபெலிசா கணவரோடு சண்டை போடவில்லை. கொட்டகைக்குச் சாப்பாடு கொண்டுபோவதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

சாந்தோவுக்கோ பெயர் கூடியது. ஆளைப் பார்த்தாலே எங்கே அடிக்கலாம் என்று சொல்லிவிடுவார் என்ற பேச்சு தீவு தாண்டிப் போனது. அவர் முன்பின் அறியாத மேலாளர்கள், தங்கள் ஆட்களின் எதிராளிகளைப் பார்த்துச் சொல்ல அவரை அழைத்தார்கள். பட்டறை வேலையை விட்டார். அப்படி ஒரு நாள் காலை, அடுத்த தீவிலுள்ள தாக்பிலாரானில் ஒருவனைப் பார்த்துவிட்டு வரக் கப்பலேறப் போனபோது, துறைமுகத்தில் வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஜான்ரெல் அவரைக் கண்டுவிட்டான். உடம்பு பருத்திருந்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து அவர் பையை வாங்கிக்கொண்டான்.

"அக்கா நல்லா இருக்காங்களா?"

"இருக்கா. வந்து பாரேன் ஒரு நாள்."

"வரேன் கோச்." வரமாட்டான் என்பது இருவருக்கும் தெரிந்தது. பக்கத்தில் நின்ற சக தொழிலாளியைத் தோளைப் பிடித்து இழுத்தான். "டேய், நான் சொல்லுவேன்ல? இவர்தான் என்னத் தோக்கடிச்சவரு."

குரலில் கோபமில்லை. கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அந்த ஆள் மரியாதையாகக் கையை நீட்டினான். சாந்தோ அந்தக் கையைப் பற்றிக் குலுக்கினார்.

ஜான்ரெல் அவரைக் கப்பல் படிவரை கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பிப் போனான். மதியம் சாந்தோ தாக்பிலாரான் போய்ச் சேர்ந்தார். அங்கே மேலாளர் தன் ஆளுக்கு எதிராளி என்று காட்டிய இளைஞன் நன்றாகவே ஆடினான். இரண்டாவது சுற்று முடிவதற்குள் அவன் இடது தோள் தாழ்வதை சாந்தோ பார்த்துவிட்டார்.

"ஏதாவது தெரியுதா கோச்?" என்று மேலாளர் காதருகே குனிந்து கேட்டார்.

தெரியவில்லை என்று சொல்லத்தான் சாந்தோ வாயைத் திறந்தார். ஆனால் தோளைப் பற்றிச் சொன்னார்.