இரும்புத் தொட்டிக்குள் துரை பிழைத்தான்

அடியார்களே, எனக்கு எழுதிப் பழக்கமில்லை. சொல்லத் தெரிந்த மாதிரி சொல்கிறேன். பெருமாள் எங்கள் வீட்டுக்குச் செய்ததை வெளியே சொல்லாமல் வைத்துக்கொண்டால் நான் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேன்.

என் பெயர் ஆதிலட்சுமி. திருப்புட்குழியில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு புரட்டாசி மாதம் இது நடந்தது. அப்போது என் மகள் பூங்கொடிக்கு ஆறு வயது. அவள் எங்கே போனாலும் பின்னாலேயே போகும் ஒரு நாய் இருந்தது. செம்மண் நிறம், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். தட்டில் போட்டால்தான் சாப்பிடுவான், தரையில் போட்டால் தொடமாட்டான். அதனால் என் வீட்டுக்காரர் அவனுக்குத் துரை என்று பெயர் வைத்தார்.

அன்றைக்கு நடவு. நான் சேற்றில் இருந்தேன். பூங்கொடி வரப்பில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தாள். பக்கத்து நிலத்துக் காளை ஒன்று எதற்கோ மிரண்டு, மூக்கணாங்கயிற்றை அறுத்துக்கொண்டு அந்த வரப்பு மேலேயே ஓடிவந்தது. நான் கத்தினேன். குழந்தை எழுந்திருக்கவில்லை, பயத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சேற்றில் என் கால் நகரவில்லை.

துரை எங்கிருந்து வந்தான் என்று நான் பார்க்கவில்லை. காளையின் மூக்கைக் கவ்விக்கொண்டு தொங்கினான். அது தலையை உதறியது. விடவில்லை. இன்னொரு உதறலில் கொம்பு அவன் பின்தொடையில் ஏறி, அவனைத் தூக்கிச் சேற்றில் எறிந்தது. அதற்குள் காளை திசை மாறி வேறு பக்கம் ஓடிவிட்டது. குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை.

வேப்பெண்ணெயும் மஞ்சளும் வைத்துக் கட்டினேன். முதல் இரண்டு நாள் தேறிவிடுவான் என்றுதான் நினைத்தோம். பிறகு தொடை வீங்கியது. வீங்கிய இடத்தில் கை வைத்தால் தோலுக்கு அடியில் பொரியை அமுக்கினாற்போல் நறநறவென்றது. கெட்ட நாற்றம். காஞ்சிபுரத்துக்கு வண்டி கட்டி எடுத்துப்போனோம். கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டர் தொட்டுப் பார்த்த உடனே முகம் மாறினார். சேற்று மண்ணில் இருக்கும் கிருமி உள்ளே போய்விட்டது, அது காற்றுப் படாத ஆழத்தில் வளர்ந்து சதையை அழுகவைக்கிறது, உள்ளே வாயு பிடித்துவிட்டது என்றார். காலை எடுத்தாலும் பிழைப்பது சந்தேகம் என்றார். வலி தெரியாமல் ஊசி போட்டு முடித்துவிடலாமா என்று மெதுவாகக் கேட்டார்.

வீட்டில் என் மகள் வாசலில் உட்கார்ந்துகொண்டு, துரை வந்தால்தான் சாப்பிடுவேன் என்று சொல்லியிருந்தாள்.

டாக்டர் நல்லவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொன்று சொன்னார். சென்னையில் கால்நடை டாக்டர் ஒருவர் இரும்புத் தொட்டி ஒன்று வைத்து, அதற்குள் பிராணவாயுவை அழுத்தி நிரப்பி, இந்த மாதிரிப் புண்ணுக்குப் பரீட்சை செய்து பார்க்கிறாராம். ஒன்றிரண்டு ஆடு பிழைத்ததாகக் கேள்வியாம். போவதானால் நாளைக் காலையிலேயே போகவேண்டும், அதற்கு மேல் தாங்காது என்றார். ஒரு பென்சிலின் ஊசியும் போட்டு அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். மனுஷனுக்கே மெட்ராஸ் ஆஸ்பத்திரி இல்லை, நாய்க்குக் கேட்கிறதா என்றார்கள். என் வீட்டுக்காரர் ஏழுமலை மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

நான் கோயிலுக்குப் போனேன். எங்கள் ஊர்ப் பெருமாளைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சீதையைக் காப்பாற்றப் போராடி, சிறகு வெட்டுப்பட்டு விழுந்த ஜடாயுவை மடியில் வைத்துக்கொண்டு, பெற்ற தகப்பனுக்குச் செய்வதுபோல் கடைசிக் காரியம் செய்த சுவாமி அவர். அந்தப் புள்ளுக்குக் குழி வெட்டிய இடம் என்பதால்தான் திருப்புட்குழி என்று ஊருக்குப் பெயர். பிறந்ததிலிருந்து கேட்ட கதை. அன்றைக்குத்தான் அது எனக்கு உறைத்தது. ஒரு பெண்பிள்ளைக்காக அடிபட்ட உயிரைப் பற்றி இவருக்கு நான் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

சன்னதியில் நின்று வாய்விட்டே கேட்டேன். "பெருமாளே, அந்தப் பறவைக்கு மோட்சம் குடுத்தே. என் நாய்க்கு மோட்சம் இப்ப வேணாம். நாலு காலோட திருப்பிக் குடு, அது போதும்."

பட்டர் துளசி கொடுத்தார். அழுதேன். அழுது முடித்ததும் பயம் போயிருந்தது. எப்படிப் போனது என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது.

மறுநாள் விடிந்ததும் நான் துரையைப் பழைய சேலையில் சுற்றிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் வந்து நின்றார். "நீ தூக்க மாட்டே, குடு இப்படி" என்று வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். பஸ் நிற்கும் பாலுச்செட்டி சத்திரம் வரைக்கும் நாற்றத்துக்கு முகம் சுளிக்காமல் நடந்தார். பூங்கொடியைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வீட்டில் இருக்கவேண்டும், அதனால் நான் மட்டும் போவதாக ஏற்பாடு.

பஸ்கள் நின்றன. நாயைப் பார்த்ததும் கிளம்பின. ஒரு கண்டக்டர் கை எடுத்துக் கும்பிட்டு, வேலை போய்விடும் அம்மா என்றார். வெயில் ஏறியது. துரையின் நாக்கு வெளுத்துப்போயிருந்தது. நான் துளசியை முந்தானையில் முடிந்துகொண்டு, இன்னும் ஏன் காக்கவைக்கிறாய் என்று உள்ளுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது ஒரு லாரி தானாகவே வந்து நின்றது. நாங்கள் கைகூடக் காட்டவில்லை. டிரைவர் வாலாஜாப் பக்கத்துக்காரர், கவுஸ் பாய். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தினாராம். விஷயத்தைக் கேட்டார். துரையின் தலையைத் தொட்டுப் பார்த்தார்.

"கொயந்தைய காப்பாத்துன ஜீவனா இது? ஏறும்மா. ஆஸ்பத்திரி வாசல்லயே எறக்கி வுட்றேன்."

பின்னால் நீள நீளமாகக் கறுப்பு இரும்பு உருளைகள் அடுக்கியிருந்தன. வழியெல்லாம் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன. அவை என்னவென்று நான் கேட்கவில்லை. என் கண் துரையின் விலாவிலேயே இருந்தது, மூச்சு வருகிறதா என்று.

சென்னையில் அந்த டாக்டர் தலை பாதி நரைத்த மனிதர், வேகமாகப் பேசுவார். தொடையை அமுக்கிப் பார்த்தார். மேசையில் படுக்கவைத்துப் புண்ணை அகலமாகத் திறந்து, செத்த சதையை வெட்டி எடுத்தார். துரை கத்தவில்லை, கத்துவதற்குக்கூட அவனிடம் தெம்பில்லை. பிறகு டாக்டர் விரலை மோந்து பார்த்து, எண்ணெய் போட்டீர்களா என்று கேட்டார். வேப்பெண்ணெய் என்றேன்.

"அதை ஒரு பொட்டு விடாமல் கழுவணும் அம்மா. அழுத்தின பிராணவாயுவில் எண்ணெய் இருந்தால் தீப்பிடிக்கும். நாயும் இருக்காது, நாமும் இருக்கமாட்டோம்."

அன்பாகத் தடவியதே அவனைக் கொன்றிருக்கும். நானே உட்கார்ந்து சோப்புத் தண்ணீரால் மயிர் மயிராகத் தேய்த்துக் கழுவினேன்.

அந்தத் தொட்டி படுக்கவைத்த பீப்பாய்போல இருந்தது. கனமான கதவு, சுற்றிலும் திருகாணிகள், பக்கவாட்டில் தட்டளவு கண்ணாடி. டாக்டர் எனக்குப் புரியும்படி சொன்னார். இந்தக் கிருமிக்குப் பிராணவாயு விஷம். சும்மா மூச்சில் இழுத்தால் புண்ணின் அடிவரைக்கும் அது போகாது. அழுத்தி அடைத்தால் இரத்தத்தில் கரைந்து போகும். ஆனால் அழுத்தம் ஏறும்போது காது வலிக்கும், மிருகம் பயந்து உள்ளே முட்டிமோதினால் பாதியில் நிறுத்தவேண்டிவரும் என்றார்.

கதவை மூடினார்கள். உஸ்ஸென்று சத்தம் வந்ததும் துரை எழப் பார்த்தான். மூன்று காலில் தடுமாறி, தலையைச் சுவரில் இடித்துக்கொண்டான். நான் யாரையும் கேட்காமல் ஓடிப்போய் முகத்தைக் கண்ணாடியில் வைத்தேன். அவன் பார்த்தான். மடியாத காது மட்டும் நிமிர்ந்தது. குரல் உள்ளே கேட்குமோ கேட்காதோ, நான் பேசிக்கொண்டே இருந்தேன். பூங்கொடி உன் தட்டைக் கழுவி வைத்திருக்கிறாள் என்றேன். கோவிந்தா கோவிந்தா என்றேன். அவன் கொட்டாவி விட்டான். இன்னொன்று விட்டான்.

டாக்டர் சிரித்தார். "கொட்டாவி விட்டால் காது திறந்துக்கும். நல்லது. நீங்க நகராதீங்க."

நான் நகரவில்லை. அழுத்தத்தை ஏற்றி, வைத்திருந்து, மெதுவாக இறக்கும்வரை அந்தக் கண்ணாடியிலேயே நின்றேன். வெளியே எடுத்தபோது, வெளுத்திருந்த அவன் நாக்கு செம்பருத்திப் பூவின் நிறத்தில் இருந்தது.

சந்தோஷப்பட்டேன். ஆனால் டாக்டர் முகத்தில் அது இல்லை. அன்றைக்கு இன்னொரு தடவையும், பிறகு தினமும் சில தடவையும் வைத்தால்தான் கிருமி அடங்கும். மிச்சமிருக்கும் பிராணவாயு இன்னொரு தடவைக்கே வரும். புது சிலிண்டர் வர வாரக் கடைசி ஆகும். மனிதர்கள் ஆஸ்பத்திரியில் அவரே கேட்டுப்பார்த்தாராம், நாய்க்குத் தரமுடியாது என்றுவிட்டார்களாம், அவர்கள் மேலும் தப்பில்லை என்றார். பேசிக்கொண்டே சுவரோரம் சாய்த்திருந்த உருளையைத் தட்டிக் காட்டினார்.

அதைப் பார்த்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதே நீளம், அதே கறுப்பு.

"ஐயா, நாங்க வந்த லாரி பூரா இதானே இருந்துச்சு."

கவுஸ் பாய் வெல்டிங் பட்டறை ஒன்றுக்கு வேலை செய்வதாக வழியில் சொல்லியிருந்தார். அப்படியானால் காலி உருளைகளைக் கொண்டுவந்து பிராணவாயு நிரப்பிக்கொண்டு ஊர் திரும்புபவராக இருக்கும் என்றார் டாக்டர். ஆனால் சென்னையில் அவரை எங்கே தேடுவது? இருந்த காற்றை இரண்டாம் தடவைக்குப் போட்டோம். நான் கண்ணாடியில் முகம் வைத்தபடியே, பெருமாளே, ஏற்றிவிட்டது நீதான் என்றால் திருப்பிக் கூட்டிவருவதும் நீதான் என்றேன்.

மறுநாள் மதியம் வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. கவுஸ் பாய் லாரியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். ஊருக்குப் போகும் வழியில், அந்த ஜீவன் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாராம். பின்னால் அத்தனை உருளைகளும் நிரம்பியிருந்தன.

டாக்டர் வெளியூரில் இருந்த பட்டறை முதலாளிக்கு டிரங்கால் போட்டுப் பேசினார். முதலாளி முதலில் நம்பவில்லையாம். பிறகு போனைக் கவுஸ் பாயிடம் கொடுக்கச் சொன்னாராம். கவுஸ் பாய் பேசியது எனக்குக் கேட்டது.

"ஆமா முதலாளி, நாய்தான். பொண்ணு கொயந்தைக்காக மாட்டுக்கிட்ட கொம்புல குத்து வாங்கியிருக்குது. எறக்கிட்டு வரட்டா?"

எதிர்ப்பக்கம் என்ன சொன்னார்களோ, அவர் போனை வைத்துவிட்டு நேராகப் போய் உருளைகளை இறக்க ஆரம்பித்தார். டாக்டருக்கு வரவேண்டியது வந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவதாகப் பேச்சு.

அதற்குப் பிறகு துரை தொட்டியைக் கண்டு பயப்படவில்லை. கதவு திறந்தால் தானே தலையை நுழைப்பான். ஒவ்வொரு தடவையும் நான் கண்ணாடியில் நிற்பேன். நாற்றம் முதலில் போனது. தொடையை அமுக்கினால் நறநறப்பு இல்லை. சாம்பலாக இருந்த சதை சிவந்து, அழுத்தினால் இரத்தம் கசிந்தது. அதைக் காட்டி டாக்டர் தன் மாணவர்களை எல்லாம் கூப்பிட்டார். நல்ல இரத்தம், பாருங்கள், நல்ல இரத்தம் என்று சொன்னபோது அவர் குரல் உடைந்தது. காலை எடுக்கவேண்டியதில்லை என்று என்னிடம் சொன்னார். நான் அந்தச் சிமெண்டுத் தரையிலேயே விழுந்து தெற்கா வடக்கா என்று பார்க்காமல் கும்பிட்டேன்.

ஐப்பசி மழை தொடங்கியிருந்தபோது ஊர் திரும்பினோம். கூட்டிவந்தது மறுபடியும் கவுஸ் பாய் லாரிதான். சத்திரத்தில் துரையை இறக்கிவிட்டேன். தூக்கிக்கொள்ள வந்த வீட்டுக்காரரைத் தாண்டி, நான்கு காலையும் ஊன்றி ஈர ரோட்டில் நடந்தான். கொஞ்சம் சாய்ந்த நடை. தெரு முனையில் பூங்கொடி நின்றாள். அவளைக் கண்டதும் நடை ஓட்டமானது. சிரித்த சொந்தக்காரர்கள் எல்லாரும் வாசலில் நின்று பார்த்தார்கள். யாரோ ஒருவர் கோவிந்தா என்றார். தெருவே கோவிந்தா என்றது.

துரை அதன் பிறகு பல வருஷம் இருந்தான். அந்த டாக்டர் தன் மாணவர்களுக்கு அவன் கதையைத்தான் முதலில் சொல்வார் என்று கேள்விப்பட்டேன். அவனுக்குப் பிறகு அந்தத் தொட்டியில் பாம்பு கடித்து அழுகிய ஆடு, தீயில் புகை குடித்த கன்று என்று எத்தனையோ உயிர்கள் பிழைத்தன. அவற்றில் சிலதை நானே கொண்டுபோனேன். அதற்கு முன்னால் நான் செங்கல்பட்டுகூடத் தனியாகப் போகாதவள். இப்போது அக்கம்பக்கத்து ஊர்களில் மாட்டுக்கோ ஆட்டுக்கோ அடிபட்டால் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள். கடவுள் பேச்சே எடுக்காத என் வீட்டுக்காரர் புரட்டாசி சனிக்கிழமைகளில் பெருமாளுக்குப் படைக்கும் தளிகைக்கு என்னோடு வந்து நிற்கிறார்.

தொட்டி பிழைக்கவைத்ததா, பெருமாள் பிழைக்கவைத்தாரா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த டாக்டருக்கு அறிவையும், லாரி டிரைவருக்கு ஈரத்தையும், இரும்புக்குள் அடைத்த காற்றுக்கு உயிரையும் கொடுத்தவர் யார் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

வாயில்லாத ஜீவனுக்காகச் சாமியிடம் போகலாமா என்று கூச்சப்படாதீர்கள். நம் வீட்டில் யார் அடிபட்டுக் கிடந்தாலும் அவருக்குத் தெரியும், வலிக்கும். போய்க் கேளுங்கள். தயங்காமல், வாய்விட்டு, உரிமையோடு கேளுங்கள். கேட்டுவிட்டு வீட்டில் உட்காராதீர்கள். தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு வாருங்கள். மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.