கீழ்பென்னாத்தூருக்குப் போன காரியம்

என் அண்ணன் மகன் இறந்தபோது அவனுக்கு இருபத்தாறு வயது. வேலூரில் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் காலை பத்தரை மணிக்கு பைக்கை எடுத்திருக்கிறான். பதினோரு மணிக்கெல்லாம் கீழ்பென்னாத்தூர் ரோட்டில், நெல் அறுக்கும் மிஷினை ஏற்றிக்கொண்டு வந்த லாரியில் அடிபட்டுக் கிடந்தான். திருவண்ணாமலையிலிருந்து வேலூர் போகிறவன் வடக்கே போக வேண்டும். அவன் கிழக்கே போயிருந்தான்.

துக்கத்துக்கு வந்தவர்கள் முதலில் அழுதார்கள். பிறகு இதைத்தான் கேட்டார்கள். "அந்த ரோட்ல இன்னாத்துக்குப் போனான்?"

எங்களுக்குத் தெரியவில்லை. பிணத்தை வாங்கப் போனபோது போலீஸ்காரர் ஒருவர் அவனுடைய போனை அண்ணனிடம் கொடுத்துவிட்டு, "ஒரு போன் வந்துச்சுங்க. நான் எடுத்து ஹலோன்னதும் கட் பண்ணிட்டாங்க" என்றார். அந்த நம்பருக்கு அண்ணன் எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பார்த்தார். சுவிட்ச் ஆஃப். அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. ஒரு பெண் இருந்திருக்கிறாள், அவளைப் பார்க்கத்தான் பொய் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். அண்ணியும் அப்படித்தான் நம்பினாள். கோயிலில் அந்த வயதுப் பெண் யாராவது கண் கலங்கி நின்றால், அவள் வெளியே போகும் வரை அண்ணி பார்த்துக்கொண்டே இருப்பாள்.

எனக்கு மட்டும் அவனைப் பற்றி ஒரு விஷயம் தெரியும். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

அவன் பழைய காமிக்ஸ் சேர்ப்பதை இன்னும் விடவில்லை. அவன் பிறப்பதற்கு முன்பே வந்து நின்றுபோன தமிழ் காமிக்ஸ்கள். மட்டமான தாள், அட்டையில் மட்டும் கலர். பன்னிரண்டு வயதில் மஞ்சள்காமாலையில் படுத்திருந்தபோது பழைய புத்தகக் கடையிலிருந்து நாலைந்து வாங்கிப் போய்க் கொடுத்தது நான்தான். அண்ணன் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். விவசாய மோட்டார்கள். பையன் கடைக்கு வர வேண்டும், இல்லையென்றால் ஒழுங்கான உத்தியோகத்துக்குப் போக வேண்டும் என்பது அவர் கணக்கு. பொம்மைப் புத்தகத்துக்காகப் பையன் ஊர் ஊராகப் போவது அவருக்கு ஆகவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சண்டையில், ஒரு மூட்டை காமிக்ஸைத் தூக்கிக் கொல்லைப்புறத்தில் வீசினார். மழை பெய்துகொண்டிருந்தது. அவன் வெளியே போய் எடுக்கவில்லையாம். ஜன்னலருகே நின்று பார்த்துக்கொண்டே இருந்தானாம்.

மறுநாள் மீதியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். நான் தனியாக இருப்பவள், பள்ளிக்கூட டீச்சர். மாடி ரூம் சும்மாதான் கிடந்தது. "அப்பாகிட்ட சொல்லிடாத அத்தை" என்றான். நான் சொல்லவில்லை.

கருமாதி முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான் அண்ணனிடம் சொன்னேன். சொன்ன அன்றே வந்தார். மாடிக்குப் போய்ச் சேரில் உட்கார்ந்து அலமாரியைப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டு, நம்பர் வாரியாக நிறுத்தி வைத்திருந்தான். பக்கத்தில் ஒரு நோட்டு. அட்டை கிழிந்து பச்சை நிற ஒயர் டேப்பால் ஒட்டியது. அந்த டேப் அண்ணன் கடையுடையது. உள்ளே வரிசையாக நம்பர்கள். கையில் இருப்பவற்றுக்கு டிக், கிடைக்காதவற்றுக்கு வட்டம். அண்ணன் வட்டங்களை விரல் வைத்து எண்ணினார்.

"நாப்பத்தொண்ணு இல்ல பாப்பா," என்றார். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இன்னும் பாப்பாதான். "வாங்கி வெச்சிடலாம்."

ஏதோ துக்கத்தில் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை மோட்டார் ஏற்றும் ஆம்னி வேனோடு என் வீட்டு வாசலில் நின்றார். நானும் ஏறிக்கொண்டேன். காமிக்ஸுக்காக அல்ல. அந்த நாட்களில் அவர் வண்டி ஓட்டுவது சரியில்லை. ஓட்டிக்கொண்டே இருப்பார், திடீரென்று நடு ரோட்டில் வேகம் குறைந்து நின்றுவிடும். பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும். நான் தோளைத் தொட்டால்தான் நகர்த்துவார்.

போளூர், ஆரணி, சேத்துப்பட்டு என்று ஞாயிறுகள் போயின. பழைய புத்தகக் கடை, பழைய பேப்பர் கடை, வாடகைக்குப் புத்தகம் விட்டவர்கள் வீடு என்று விசாரித்துக்கொண்டே போவோம். அண்ணனுக்குக் கேட்கத் தெரியாது. "படக்கதை புக்கு. பழசு. எங்க பையனுக்கு" என்பார். போளூரில் ஒரு கடைக்காரர் நல்ல மனதோடு குழந்தைகள் கலர் அடிக்கும் புத்தகம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"எத்தினி வயசுங்க பையனுக்கு?"

"இருபத்தாறு."

அவர் சிரித்துவிட்டார். அண்ணனும் கொஞ்சம் சிரித்தார். வேனுக்கு வந்த பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் சாவி போடாமல் உட்கார்ந்திருந்தார்.

ஆரணியில் மட்டும் மூன்று கிடைத்தன. ஒன்றில் கடைசிப் பக்கம் இல்லை. பரவாயில்லை என்று மூன்று வட்டத்திலும் டிக் போட்டார்.

அதற்கு அடுத்த வாரம் அடி அண்ணாமலையில் ஒரு பேப்பர் கடைக்குப் போனோம். பௌர்ணமி முடிந்த மறுநாள். கடை முழுக்கக் கிரிவலம் வந்தவர்கள் போட்ட காலித் தண்ணீர் பாட்டில்கள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. கடைக்காரர் அவற்றை மிதித்து நசுக்கிக்கொண்டே பேசினார்.

"அதெல்லாம் நம்மகிட்ட வர்றது கம்மிங்க. கீழ்பென்னாத்தூர்ல ஒரு டெய்லர் இருக்காரு. அவர்கிட்டதான் ஜாஸ்தி. பஸ் நிக்கிற எடத்துக்குப் பின்னாடித் தெரு. டெய்லர் வீடுன்னா யாரும் சொல்வாங்க."

அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அத்தனை மாதமும் நாங்கள் அந்த ரோட்டில் போகாமலேதான் இருந்தோம்.

"இன்னொரு நாள் போலாம்ணா," என்றேன்.

"ஏறு," என்றார்.

ஊருக்குள் வந்து கீழ்பென்னாத்தூர் ரோட்டைப் பிடித்தார். அந்த இடம் வந்தபோது வேகத்தைக் குறைக்கவில்லை. கூட்டவும் இல்லை. நான் வெளியே பார்த்தேன். ரோட்டோரம் மணிலாக் கொல்லையில், கடலைச் செடிகளுக்கு நடுவே, நாலைந்து பெண்கள் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். வேறு எதுவும் இல்லை.

டெய்லருக்கு அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். கண்ணாடி தடிமன். முன்னறையில் தையல் மிஷின் மேல் துணி போட்டு மூடியிருந்தது. ஒருகாலத்தில் தையல் கடையிலேயே காமிக்ஸை நாள் வாடகைக்கு விட்டவர். எங்களை உட்காரச் சொன்னார். மருமகள் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். அண்ணன், "எங்க பையனுக்கு" என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, நோட்டை எடுத்து அவரிடம் கொடுத்தார்.

டெய்லர் நோட்டைத் திறக்கவில்லை. அட்டையில் ஒட்டியிருந்த பச்சை டேப்பைக் கட்டை விரலால் ஒருமுறை தடவினார். எழுந்து நின்றார்.

"நீங்க தம்பிக்கு இன்னா ஆவணும்?"

"அப்பா."

அவர் மிஷினைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு, எங்களைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நான்தாங்க போன் பண்ணேன். தம்பி ரெண்டு மூணு வாட்டி வந்து பார்த்துட்டுப் போயிருந்தாரு. எனக்குத்தான் குடுக்க மனசு வரல. அப்புறம் வீட்ட இடிச்சுக் கட்டறதா பேச்சு வந்துச்சு. வீட்ல எல்லாத்தையும் எடைக்குப் போட்டுடறோம்னாங்க. அதான் அன்னிக்கிக் காலையில போன் போட்டு, இன்னிக்கே வந்துடுங்க தம்பி, நாளைக்கு இருக்காதுன்னேன். அப்பா வீட்லதான் இருக்காரு, அவர் கடைக்குப் போனதும் கெளம்பிடறேன்னாரு."

அண்ணன் அசையவில்லை.

"ரொம்ப நேரமாச்சு, வரல. ரோட்ல ஆக்சிடென்ட்னு சொன்னாங்க. என் வண்டிய எடுத்துக்கிட்டு நானும் போனேன். கும்பலு. ஹெல்மெட்டோட குப்புறக் கெடந்தாரு. மூஞ்சி தெரியல. சத்தியமா எனக்கு அடையாளம் தெரியலீங்க. யாரு பெத்த புள்ளையோன்னு நெனச்சுக்கிட்டே, அங்கயே ஓரமா நின்னு தம்பிக்குப் போன் போட்டேன். ரோடு ஜாம் ஆயிடுச்சு, பார்த்து வாங்கன்னு சொல்லலாம்னு."

அவர் நிறுத்தினார். நான் வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன்.

"மணி அங்கதாங்க அடிச்சுது. எனக்கு முன்னாடி. போலீஸ்காரர் எடுத்து ஹலோன்னாரு. காதுலயும் கேக்குது, எதிர்லயும் கேக்குது. கட் பண்ணிட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து சிம்மக் கழட்டிப் போட்டுட்டேன். பயம்ங்க. வேற ஒண்ணுமில்ல. பயம்."

நான் கோபப்பட்டிருக்க வேண்டும். அண்ணியின் முகம் நினைவுக்கு வந்தது. அந்த எட்டு மாதமும், யார் யாரோ பேசிய பேச்சும். ஆனால் அவர் மிஷின் மேல் கிடந்த துணியின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அப்ப உயிரு இருந்துச்சா?"

டெய்லர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "தெரியலீங்க," என்றார். "நான் கிட்டப் போகல."

அண்ணன் தலையாட்டினார்.

டெய்லர் உள்ளே போய் ஒரு புத்தகக் கட்டைக் கொண்டுவந்தார். பிளவுஸ் துணியைக் கிழித்த நாடாவால் கட்டியிருந்தது. மற்றதெல்லாம் எடைக்குப் போய்விட்டது, தம்பி கேட்டதை மட்டும் எடுத்து வைத்தேன் என்றார். பத்தொன்பது புத்தகங்கள். அண்ணன் கட்டை அவிழ்த்து ஒவ்வொன்றாக அட்டையில் நம்பரைப் பார்த்தார். பேனாவை எடுத்தார். முதல் வட்டத்தில் டிக் போடப் போனபோது கை வேறு பக்கம் ஓடியது. நோட்டை என்னிடம் தள்ளினார். அவர் நம்பர் சொல்ல, நான் டிக் போட்டேன். டெய்லர் எதிரில் நின்று ஒவ்வொரு புத்தகத்தையும் வாங்கி மறுபடி அடுக்கினார். முடிந்ததும் அண்ணன் கட்டை எடுத்துக்கொண்டு, போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் வேனுக்கு நடந்தார். டெய்லர் வாசல் வரை வந்தார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நான் பதிலுக்குக் கும்பிடவில்லை. அதை நினைத்தால் இப்போதும் கஷ்டமாக இருக்கிறது.

திரும்பும் வழியில் அண்ணன் சொன்னார். "அன்னிக்கி நான் கடைக்குப் போக லேட்டு பண்ணேன் பாப்பா. ஒம்போதரைக்கே கெளம்பிடுவேன். அன்னிக்கி ரெண்டாவது காப்பி கேட்டேன். பேப்பர் படிச்சேன். அவன் உள்ளயும் வெளியயும் நடந்துக்கிட்டே இருந்தான். ஏன்டா நடக்கறன்னு கேட்டேன்."

நான் புத்தகக் கட்டை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னோம். சமையல் கட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பெண் இல்லை, யாரும் இல்லை, காமிக்ஸ் வாங்கத்தான் போனான் என்று நான் சொன்னபோது அவளுக்கு ஒரு பாரம் இறங்கும் என்று எதிர்பார்த்தேன். அவள் கையில் இருந்த கீரையை முறத்தில் போட்டாள்.

"அவ்ளோதானா?" என்றாள். "அதுக்கா போனான்?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தப் பெண் மேல் அண்ணிக்குக் கோபம் இருக்கவில்லை. எங்கேயோ ஒருத்தி தன்னைப் போலவே அவனுக்காக அழுதுகொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அவளையும் நாங்கள் அன்று அண்ணியிடமிருந்து எடுத்துவிட்டோம். அதற்குப் பிறகு அண்ணி அண்ணனோடு பேசுவதை விட்டுவிட்டாள். சண்டை இல்லை. சாப்பாடு போடுவாள், துணி துவைப்பாள். பேச்சு மட்டும் கிடையாது.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவது நின்றது. இன்னும் பத்தொன்பது வட்டங்கள் அப்படியே இருக்கின்றன. நானும் கேட்கவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமையும் கடையைத் திறந்து வைக்கிறார்.

போன மாதம் ஒரு மத்தியானம் அண்ணி தனியாக என் வீட்டுக்கு வந்தாள். மாடிக்குப் போகலாமா என்று கேட்டாள். அலமாரி முன்னால் நின்று ஒரு புத்தகத்தை உருவினாள். உறையைப் பிரித்து, பக்கத்தைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"எழுத்து தெரியல. நீ படி," என்றாள்.

பாலைவனத்தில் ஒருவன் குதிரையில் வருகிறான். தூரத்தில் புகை தெரிகிறது. ஊருக்குள் போனால் கிணற்றடியில் ஆட்கள் செத்துக் கிடக்கிறார்கள். யார் இதைச் செய்தது என்று அவன் தேடப் புறப்படுகிறான். கட்டம் கட்டமாக விரல் வைத்து, வகுப்பில் படிப்பது போல நிதானமாகப் படித்தேன். அண்ணி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கேட்டாள். நாலு பக்கம் ஆனதும் போதும் என்று கையைக் காட்டினாள்.

"இதுல இன்னா இருக்குதுன்னு இப்படி அலைஞ்சான்?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். அவன் இருந்தவரை நானும் அதை அவனிடம் கேட்டதே இல்லை. அண்ணி புத்தகத்தை வாங்கி உறைக்குள் போட முயன்றாள். ஓரம் மடங்கிக்கொண்டு உள்ளே போகவில்லை. இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டு, உறையையும் புத்தகத்தையும் தனித்தனியாகக் கட்டில்மேல் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று இறங்கிப் போனாள்.