டானிக் பாட்டிலில் ராணி

மழை விட்டதும் ஜன்னலோரம் முழுக்கக் கட்டெறும்புச் சிறகுகள் உதிர்ந்து கிடக்கின்றன. மூன்றாவது முறையாகப் பெருக்குகிறேன், இடுப்பு விட்டுப்போகிறது. சற்றுமுன்தான் சென்னை ஹாஸ்டலில் இருக்கும் மகளிடம் பேசினேன். "காலையிலேருந்து இது நாலாவது போன்மா," என்று சலித்துக்கொண்டு வைத்துவிட்டாள்.

சின்ன வயதில், பூதலூரில் இப்படி ஒரு மழைக்குப் பிறகுதான் அண்ணனும் நானும் வாய்க்கால் கரையில் குனிந்து ராணி எறும்பு தேடினோம். சிறகை உதிர்த்துவிட்டு, பொந்து தோண்ட இடம் பார்த்துத் தனியாக அலைவதுதான் ராணி என்பான் அண்ணன். ஒன்று அகப்பட்டது. ஈரமண் போட்ட டானிக் பாட்டிலில் அதை விட்டு, அரிசிப் பானைக்குப் பின்னால் இருட்டில் வைத்தான்.

"தொறந்து பாக்காத. அது பாட்டுக்கு முட்டை வைக்கும்."

என்னால் முடியவில்லை. பள்ளிக்குப் போகும்முன், வந்தபின், சாப்பிடும்முன் என்று திறந்து திறந்து பார்த்தேன். ஒரு வாரத்தில் வெள்ளையாக ஏழெட்டு முட்டைகள். மறுநாள் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது, தன் முட்டையையே அது தின்றுகொண்டிருந்தது.

அண்ணன் அடிக்கவில்லை. "பயந்துடுச்சு. நிம்மதியா விட்டாத்தானே?" என்றான்.

சிறகுகளை முறத்தில் அள்ளினேன். மகள் மதியம் சாப்பிட்டாளா என்று கேட்க மறந்துவிட்டேன். கை தானாகப் போனை எடுத்தது. அதை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, மறுபடி துடைப்பத்தை எடுத்தேன்.