அம்மா திருப்பிய படகு

படகுகள் திரும்புவதற்குத் தனியாக ஓர் இடம் வேண்டும் என்பது ஒன்பது வயதுவரை எனக்குத் தெரியாது. பெரியப்பாவுக்கு ஐம்பது வயதுவரை தெரியாது.

ஜேர்மனியிலிருந்து வந்து கிங்ஸ்பரியில் பெரியப்பா வீட்டு மேலறையில் நாங்கள் குடியிருந்த முதல் கோடை அது. லண்டன் எனக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. வகுப்பில் பாதிப்பேர் வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்தவர்கள். அம்மாவுக்குத்தான் ஒட்டவில்லை. ஜேர்மனியில் ஒரு பெரிய கிடங்கில் அவர் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டினார், அப்பா லொறி ஓட்டினார். இங்கே அப்பா பெரியப்பாவின் கடையில் நின்றார், அம்மா குசினியில் அடுப்போடு நின்றார். தானும் கிடங்கு வேலை தேடட்டுமா என்று ஒருநாள் அம்மா கேட்டதற்கு, “பிள்ளை, லண்டனிலை எங்கட பொம்பிளையள் உதெல்லாம் ஓடுறேல்லை” என்று சொல்லிப் பெரியப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

மறுநாள் அம்மா அலுமாரிக்கு மேலிருந்த பெட்டியை இறக்கித் துடைத்தார். பள்ளிக்கூடம் தொடங்க முன்னர் என்னையும் கூட்டிக்கொண்டு திரும்பிப் போகப்போவதாக அப்பாவிடம் சொன்னார். அப்பா வந்தால் வரட்டுமாம், இருந்தால் இருக்கட்டுமாம்.

அம்மாவின் மனதைக் குளிரவைக்கப் பெரியப்பா கண்டுபிடித்த மருந்துதான் படகுச் சவாரி. ஒரு ஞாயிறு, பூசை முடிந்த கையோடு, கட்லட்டும் ரோல்ஸும் கட்டிக்கொண்டு கால்வாய்க்குப் போனோம். குதிரைகள் கரையில் நடந்து நிலக்கரிப் படகுகளை இழுத்த காலத்தில் வெட்டிய கால்வாய் அது. படகோ ரயில் பெட்டியை நெருக்கிப் பிழிந்ததுபோல ஒடுக்கமும் நீளமுமாக இருந்தது. வாடகைக்குத் தந்த வெள்ளைக்காரர் பொறுமையாக விளக்கினார்: படகு கால்வாயின் அகலத்தைவிட நீளம், நினைத்த இடத்தில் திருப்ப முடியாது. கரையை முக்கோணமாக உள்ளே வெட்டிவிட்ட இடம் ஒன்று வரும், மூக்கை அதற்குள் வைத்து வாலைச் சுற்றிக் கொண்டுவர வேண்டும். பெரியப்பா “யெஸ், யெஸ்” என்றார். அவர் ரோல்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் இடம் வந்தது. பெரியப்பா சுக்கானைத் திருப்ப, படகு மற்றப் பக்கத்துப் பற்றைச் செடிகளுக்குள் புகுந்து பெரியம்மாவின் கொண்டையைக் கலைத்தது. “உது பழுதான போட்!” என்று சொல்லிவிட்டுச் சுக்கானை அப்பாவிடம் கொடுத்தார்.

அப்பா முயன்றார். பின்பக்கம் கரையில் மோதியது, மறுபடி மோதியது. படகு கால்வாய்க்குக் குறுக்கே தடியாகக் கிடந்தது. பின்னால் வந்த படகுக்காரர் எஞ்சினை நிற்பாட்டித் தேநீர்க் கோப்பையை எடுத்தார். கரையில் சனம் கூடிவிட்டது. எனக்கு உயிர் போனது. அம்மா கரையைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த அவருடைய வலதுகை மட்டும் எதையோ பிடித்துத் திருப்புவதுபோல அசைந்துகொண்டிருந்தது. அப்பா அந்தக் கையை ஒருமுறை பார்த்தார்.

“எனக்கு ஏலாது. நீர் பிடியும்” என்றார் அம்மாவிடம்.

“உனக்கென்ன விசரே? அவவுக்குப் போட் தெரியுமோ?” பெரியப்பா பதறினார்.

அம்மா கைப்பையை என்னிடம் தந்துவிட்டு எழும்பினார். “எல்லாரும் இருங்கோ. ஒருத்தரும் கதைக்காதேங்கோ.”

நாங்கள் எல்லோரும் மூக்கைப் பார்த்தோம். அம்மா வாலைத்தான் பார்த்தார். மெதுவாகப் பின்னுக்கு எடுத்து, மெதுவாக முன்னுக்கு விட்டு, மூக்கை வெட்டுக்குள் முட்டியும் முட்டாமலும் வைத்தார். சுக்கானை ஒரு பக்கம் தள்ளிப் பிடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாக எஞ்சினைக் கொடுத்தார். அவ்வளவு நீள வால், கரையில் உரசாமல், அழகாகச் சுற்றி வந்தது. அப்படியொரு வடிவை நான் அதற்கு முன் கண்டதில்லை. தேநீர்க்காரர் கோப்பையை உயர்த்தினார், கரையில் கைதட்டினார்கள்.

“இது நீட்டு ஃபோர்க்லிஃப்ட்தானே! அதுக்கும் பின்பக்கம்தான் திரும்புறது” என்று அம்மா சிரித்தார். லண்டனுக்கு வந்தபிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. திரும்பும் வழி முழுக்கச் சுக்கானை அவர் யாருக்கும் கொடுக்கவுமில்லை.

அடுத்த கிழமை பெரியப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அம்மா பார்க் ரோயல் பக்கம் வேலை கேட்டுக் கிடங்கு கிடங்காக ஏறி இறங்கினார். பள்ளிக்கூடம் தொடங்கியபோது பெட்டி பழையபடி அலுமாரிக்கு மேலே இருந்தது. என் அம்மாவைப்போல உலகத்தில் யாருமில்லை என்று வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன். அப்பாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு படகைத் திருப்பத் தெரியாத மனிதரைப் பற்றி என்ன சொல்வது?

சில வருடங்கள் கழித்துத் தனிவீட்டுக்கு மாறினோம். இரவல் வான் வண்டிக்குப் பின்னால் டிரெயிலர் பூட்டிச் சாமான்களைக் கொண்டுவந்த அப்பா, இரண்டு பக்கமும் கார்கள் நெருக்கிய சந்துக்குள், ஒற்றைக் கையால், என்னோடு கதைத்துக்கொண்டே, பின்பக்கமாக ஒரே எடுப்பில் அதை உள்ளே விட்டார்.

“அப்பா, அண்டைக்குப் போட்டிலை...”

“என்ன அண்டைக்கு?” என்றவர், ஜன்னலால் தலையை நீட்டி அம்மாவைக் கூப்பிட்டார். “இஞ்சரும், பின்னுக்கு இடம் காணுமோ எண்டு ஒருக்காப் பாரும். எனக்குத் தெரியேல்லை.”